கோல்கம்பத்தருகே ஒரு நாற்காலி

திண்டுக்கல் எனக்கு முதலில் மூக்கின் வழியாகத்தான் அறிமுகமாயிற்று. புகைவண்டியை விட்டு இறங்கியதும் ஒரு பக்கத்திலிருந்து பதனிடும் தோலின் நெடி வந்தது. மறுபக்கத்தில் அடுக்கியிருந்த பூக்கூடைகளிலிருந்து மல்லிகை மணம் வந்தது. இரண்டும் சரியாக என் மூக்குக்கு நேரே சந்தித்துக்கொண்டன. எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் சிறிது நேரம் நேரே பார்த்தபடி நின்றேன்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். அரசாங்க நில அளவைப் பகுதியிலிருந்து ஓய்வு பெற்றபின், யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் தலைமைப் பதவியைப் பலமுறை மறுத்து, இனியும் மறுத்தால் அகந்தை என்பார்களே என்று ஏற்றிருந்தேன். தென்னிந்திய ஊர்கள் சிலவற்றிலிருந்து ஆட அழைப்பு வந்தது. எழுதுவினைஞர், ஆசிரியர், கடைச் சிப்பந்திகள் என்று பலதரப்பட்ட இளைஞர்கள் தனியே கடல் கடந்து போனால் ஊர்ப் பெயரை என்ன செய்துவிட்டு வருவார்களோ என்ற கவலை பெரியவர்களுக்கு இருந்தது. எனக்கும் இருந்தது. ஆகவே நானே உடன் வந்தேன். கப்பலேறியதையும் சோதனைச் சாவடியில் நின்றதையும் எழுதி வாசகரை அலுக்கச் செய்யப் போவதில்லை. வழியனுப்ப வந்த கழகச் செயலாளர் கடைசியாகச் சொன்னதை மட்டும் குறிப்பிட வேண்டும்.

"ஐயா, தோத்தாலும் காரியமில்லை. பேரைக் கெடுக்காமல் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அந்தப் பொறுப்பு என் தோளில் கிடந்த சால்வையைவிடப் பாரமாக இருந்தது.

நிலையத்தில் எங்களை எதிர்கொண்டவர் சையது ராவுத்தர். தோல் வியாபாரி, உள்ளூர்க் குழுவுக்குப் பந்து முதல் வண்டிச் சத்தம் வரை கொடுத்து வளர்ப்பவர். குரல் பெரிது, மனம் அதைவிடப் பெரிது என்பது பிறகு தெரிந்தது.

"வாங்க, வாங்க! கடல் தாண்டி வந்திருக்கீங்க. ஏன் இம்புட்டுப் பேரும் இம்புட்டு ஒல்லியா இருக்காங்க? கப்பல்ல சோறு போடலியா?" என்று கேட்டவாறே என் கைப்பெட்டியை என்னிடமிருந்து பறித்துக்கொண்டார். என் பெட்டியை நானே சுமப்பது வழக்கம் என்றேன். "இந்த ஊருல அது வழக்கமில்லே" என்று முன்னே நடந்துவிட்டார்.

எங்களை ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தங்கவைத்தார்கள். குளிக்கும் நீர் வாளிக் கணக்கில் வந்தது. கிணற்றடியில் நின்று அள்ளி அள்ளி வார்த்துப் பழகிய எங்கள் இளைஞர்கள், ஒரு வாளி நீரை முன்னால் வைத்துக்கொண்டு அதை எங்கிருந்து தொடங்குவது என்று விழித்தார்கள். மாலையில் கடைத்தெருவைப் பார்த்தோம். பூட்டுச் செய்யும் பட்டறைகள் வரிசையாக இருந்தன. சுருட்டுக் கடைகளும் இருந்தன. எங்கள் ஊர்ச் சுருட்டுக்கு நிகரில்லை என்று எண்ணிக்கொண்டிருந்த நான், இவ்வூர்ச் சுருட்டை இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். நிகர் உண்டு. இதை ஊரில் சொல்வதாக இல்லை. எழுத்தில் இருப்பது வேறு.

மறுநாள் பிற்பகலில் ஆட்டம். அதற்குமுன் பக்கத்து ஊரான எரியோட்டில் ஒரு விருந்து. பெருமாள் என்ற விவசாயி, உள்ளூர்க் குழுவின் தீவிர அபிமானி, எதிரணிக்குத் தம் தோட்டத்தில் ஒருவேளை சோறு போடாமல் ஆட்டத்தைப் பார்ப்பதில்லையாம். இரண்டு மாடுகள் கமலை இழுத்துக்கொண்டிருந்தன. தோல்பை நிறைய நீர் மேலே வந்து சரிவதை நான் நெடுநேரம் பார்த்து நின்றேன். எங்கள் பக்கத்தில் துலா மிதித்து நீர் இறைப்போம். மனிதன் மேலே ஏறி இறங்குவான். இங்கே மாடு முன்னும் பின்னும் நடக்கிறது. இம்முறைதான் சிறந்தது என்று என் முழங்கால்கள் கருதின.

சோளச்சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் வாழையிலையில் விழுந்தன. தேங்காய்ப்பால் விடாத குழம்பு எனக்குப் புதிது. நாக்கில் சுர்ரென்று ஏறியது. "வெஞ்சனம் இன்னுங் கொஞ்சம் வைக்கவா?" என்று குழம்புக் கரண்டியோடு பெருமாளின் மனைவி கேட்டார். போதும் என்று சொல்ல வாயெடுத்தபோது இலை நிறைந்துவிட்டது.

திரும்பும் வழியில் பஸ் நின்றுவிட்டது. முன்புறத்திலிருந்து ஆவி சீறியது. ஓட்டுநர் இறங்கி, இரும்பு மூடியைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடிவிட்டு, பீடி பற்றவைத்தார். ஆட்ட நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைவன் என்ற முறையில் தாமதத்துக்கு நான் பதில் சொல்லவேண்டியிருக்குமே என்று குடையை ஊன்றியபடி சாலையில் நின்றேன். அப்போது ஆட்டம் பார்க்கச் சாரிசாரியாக நடந்து வந்துகொண்டிருந்த ஊர்க்காரர்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு முன்னால் பெருமாள்.

"ஏலே, என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? தள்ளுங்கடா! இவுக வந்து சேரலேன்னா நாம யாரை ஜெயிக்கிறது?"

எங்களைத் தோற்கடிக்கப் புறப்பட்ட கூட்டமே எங்களைத் தள்ளிக்கொண்டு போயிற்று. வண்டி முக்கி முனகி உயிர்பெற்றபோது அவர்கள் எழுப்பிய கூச்சலைக் கேட்டு, ஆட்டமே முடிந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

மைதானம் ஊருக்கு வெளியே இருந்தது. மாலையில் கோட்டைப் பாறை பக்கத்து வானத்தில் கறுத்து நிற்கும். புல் என்பது கிடையாது; செம்மண். கோல்கம்பங்கள் நேராகத்தான் நின்றன. ஆனால் பின்னால் வலை இல்லை. என் கண்ணுக்கு அது உடனே பட்டது. வலை இல்லாத இடத்தில் பந்து உள்ளே போயிற்றா, ஒட்டி வெளியே போயிற்றா என்று வழக்கு வருமே என்று ராவுத்தரிடம் கேட்டேன்.

"வரும். அதுக்குத்தான் ஒங்களுக்கு அங்க நாற்காலி போட்டிருக்கு" என்றார்.

எங்கள் கோல்கம்பத்தின் அருகே, கோட்டுக்கு நேராக, ஒரு மரநாற்காலி இருந்தது. உள்ளூர்க் குழு கோலடிக்கும் பக்கத்தில் விருந்தாளி ஊர்ப் பெரியவர் உட்காருவாராம். விருந்தாளிக் குழு கோலடிக்கும் பக்கத்தில் உள்ளூர்ப் பெரியவர். சந்தேகம் வந்தால் ரெப்ரீ அவரைப் பார்ப்பார். பெரியவர் எழுந்து நின்றால் கோல், உட்கார்ந்திருந்தால் இல்லை. அதற்குமேல் பேச்சில்லை.

"எதிர்ப்பக்கத்து ஆளையா கேட்பீர்கள்? அவர் தம் பக்கம் சாய்ந்துவிட்டால்?"

"சாஞ்சா சாஞ்சதுதான்" என்றார் ராவுத்தர். "நாமளே கோலுன்னு சொல்லிக்கிட்டா அடுத்த ஊர்க்காரன் நம்புவானா? வந்தவுக எந்திரிச்சு நின்னாத்தான் அது கோலு."

வினோதமான வழக்கம். ஆனாலும் ஒரு கோட்டின் எப்பக்கம் எது கிடக்கிறது என்று சொல்வதிலேயே என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்திருக்கிறது. நாற்காலியைச் சிறிது நகர்த்தி, இரண்டு கம்பமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்படி போட்டு உட்கார்ந்தேன்.

எங்கள் அணித் தலைவன் ஞானசேகரம் வங்கியில் எழுதுவினைஞன். கோல் காப்பவனும் அவனே. ஆகையால் ஆட்டம் முழுவதும் அவன் முதுகை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளூர்க்காரர்கள் வெறுங்காலால் ஆடினார்கள். நாங்கள் இந்தப் பயணத்துக்கென்றே புதுச் சப்பாத்து வாங்கியிருந்தோம். அது எங்கள் கால்களையே முதலில் தோற்கடித்தது.

முற்பகுதியில் உள்ளூர்க்காரர் அடித்த ஒரு பந்து கம்பத்தை உரசிக்கொண்டு பறந்தது. கூட்டம் "கோல்!" என்று எழும்பியது. ரெப்ரீ என்னைப் பார்த்தார். பந்து கம்பத்துக்கு வெளியே போயிருந்தது. நான் அசையவில்லை. "பெரியவர் எந்திரிக்கலப்பா, விடு" என்று யாரோ சொல்ல, அவ்வளவு பெரிய கூச்சலும் அப்படியே அடங்கியது. எங்கள் ஊரில் இப்படி அடங்கியிருக்குமா என்று நினைத்துப் பார்த்தேன். அடங்கியிராது.

இடைவேளைக்குப்பின் நாற்காலி எதிர்ப்பக்கத்துக்கு வந்தது. இரு தரப்பும் ஒவ்வொரு கோல் போட்டிருந்தன. ஆட்டம் முடியும் தறுவாயில் உள்ளூர் முன்னணி வீரன் ஒருவன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து அடித்தான். பந்து மேற்கம்பின் அடிப்புறத்தில் மோதி நேரே கீழே விழுந்தது. ஞானசேகரம் பாய்ந்து விழுந்து அதை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்தான். புழுதியில் ரெப்ரீக்கு ஒன்றும் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. பந்து விழுந்தது கோட்டுக்கு அப்பால். அவன் அதை இப்பால் இழுத்திருந்தான்.

ரெப்ரீ என்னைப் பார்த்தார். ஞானசேகரமும் திரும்பிப் பார்த்தான். மைதானமே என்னைப் பார்த்தது.

நான் எழுந்து நின்றேன்.

இதில் துணிவு என்று எதுவும் இல்லை. அப்பால் கிடந்ததை இப்பால் என்று சொல்ல எனக்கு வராது. ரெப்ரீ விசிலை ஊதினார். பிறகு, அத்தனை மனிதரும் ஒரே மூச்சில் எழுப்பிய ஓசையை நான் அதற்குமுன் கேட்டதில்லை. துண்டுகள் வானத்துக்குப் போயின. வேப்பமரங்களில் இருந்தவர்கள் பழம் உதிர்வதுபோல் உதிர்ந்தார்கள். கடலை விற்ற கிழவி கூடையைக் கவிழ்த்து, "தின்னுங்கடா, தின்னுங்க!" என்று வாரி இறைத்தாள். ஆவாரம்பட்டைக் கறை படிந்த கைகளோடு தோல் தொழிலாளர்கள் தகர டின்களைத் தட்டினார்கள். ஒருவர் கோல்கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். இன்னும் சிலர் அதற்குச் சந்தனம் பூசிப் பூச்சரம் சுற்றினார்கள். கோலடித்த வீரனைத் தேடினேன். அவன்மேல் யாரோ ஒரு குடம் நீரைக் கொட்டியிருந்தார்கள். தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் அதைவிடப் பெரிய மரியாதை இராது.

அடுத்து நடந்ததைத் தவிர்த்திருக்கலாமென்று இன்றும் நினைக்கிறேன். கூட்டம் என் பக்கம் திரும்பியது. நிலைமையைக் கண்ணியமாகச் சமாளிக்க எண்ணி உட்கார்ந்தேன், அது தவறாயிற்று. நாற்காலியோடு என்னைத் தூக்கிவிட்டார்கள்.

"இறக்குங்கள்! இது முறையன்று!" என்றேன்.

"செத்த நேரம் சும்மா இருங்கப்பு, விழுந்துருவீங்க" என்றது கீழிருந்து ஒரு குரல். பெருமாள்.

இவ்வாறாக, ஒரு கையில் குடையும் மறு கையில் நாற்காலிச் சட்டமுமாக, கழுத்தில் மாலையோடு, ஒரு கால் சப்பாத்தை இழந்தவனாய், உற்சவமூர்த்தி போல் கடைத்தெரு வழியே போனேன். பூட்டுப் பட்டறைக்காரர்கள் அரத்தோடு வெளியே வந்து கும்பிட்டார்கள். மாடியிலிருந்து பூ விழுந்தது. கூட்டம் விடாமல் ஒரே கோஷத்தை எழுப்பிக்கொண்டு வந்தது.

"கோல் குடுத்த மகராசன்!"

"வாழ்க!"

பின்னால் குதிரைவண்டிகளில் எங்கள் இளைஞர்கள் வந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

ராவுத்தர் வீட்டு முற்றத்தில் விருந்து. தம் உடைத்ததும் சீரகச்சம்பாப் பிரியாணியின் ஆவி முற்றத்தை நிறைத்தது. நான் சைவன் என்பதை அறிந்து, எனக்குத் தனியே ஓர் இலை போட்டிருந்தார்.

"பிள்ளைமார் வீட்டுல இருந்து வரவழைச்சிருக்கேன். சட்டி, கரண்டி எதுவும் நம்மளது இல்லே. தைரியமாச் சாப்பிடுங்க."

மிளகு ரசம் நன்றாக இருந்தது. எங்கள் இளைஞர்கள் எனக்கு முதுகைக் காட்டி வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிரியாணியின்மேல் அவர்களுக்கு யாதொரு கோபமும் இருந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை விஷயம் வெளியே வந்தது. நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அப்பால் பேச்சுக் கேட்டது.

"கோல் குடுத்த மகராசன் எண்டு ஊர் முழுக்கக் கூவினாங்கள். குடுத்தது எண்டால் என்ன கருத்து? ஊரிலை போய் என்னெண்டு சொல்லுறது?"

"மாலை மரியாதைக்கு மயங்கிப்போனார் எண்டு சொல்லுவம்."

ஞானசேகரத்தின் குரலை எதிர்பார்த்தேன். அவன் பேசவேயில்லை. அவன் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். பேசாதிருந்தது எனக்கு மற்ற இருவர் பேசியதைவிடக் கனமாக இருந்தது. பேரைக் கெடுக்காமல் கூட்டிவரும்படி என்னிடம் சொன்னார்கள். கெட்டுப்போகப் போவது என் பேர்தான் என்று யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

ராவுத்தர் தேநீரோடு வந்தார். தாழ்வாரத்தின் ஒரு முனையில் நானும் மறுமுனையில் இளைஞர்களுமாக இருப்பதைப் பார்த்தார்.

"ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காங்க? தோத்ததுக்கா?"

"தோல்விக்கல்ல. நீங்கள் என்னைத் தூக்கியதற்கு."

நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். ஞானசேகரம் பந்தை இழுத்ததை மட்டும் சொல்லவில்லை. அது எங்கள் வீட்டு விஷயம். ராவுத்தர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"யா அல்லா! சந்தோசத்துல செஞ்சது ஒங்க பேருக்கே வந்து நிக்குதா? சரி, நீங்க எடுத்துச் சொல்ல வேண்டியதுதானே?"

"செய்ததற்கு விளக்கம் சொல்லி எனக்குப் பழக்கமில்லை."

அவர் மறுமுனையிலிருந்த இளைஞர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். "நீங்க சொல்லமாட்டீங்க. நாங்க புகழ்ந்தா இன்னுங் கெட்டுப்போகும்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டவர், தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். விடைபெறாமல் போனது அவர் இயல்புக்குப் பொருத்தமாக இல்லை.

நடுப்பகலில் நிலையத்துக்குப் போனோம். வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. நேற்றைய மரியாதையின் ஆயுள் இவ்வளவுதான் என்று எண்ணிக்கொண்டேன். ஒருவகையில் நிம்மதியாகவும் இருந்தது. பெட்டியில் ஏறி உட்கார்ந்த பின்பு வாசற்பக்கத்தில் இரைச்சல் எழுந்தது. பெருமாளும் நாற்பது ஐம்பது பேரும் மேடையில் புகுந்தார்கள். மாலை ஒருவர் கையிலும் இல்லை.

"எங்க அந்தப் பெரியவரு? கண்ணு தெரியாதவரு எங்க?" என்று பெருமாள் கத்தினார்.

நான் திகைத்துப்போனேன். நேற்று என் நாற்காலியின் காலைத் தோளில் தாங்கியவர் அவர்.

"முதப் பாதியில அடிச்சது கோலு! அசையாம உக்காந்திருந்தாரே! சொந்தப் புள்ளைக தோத்துரக் கூடாதுன்னு மறைச்சுட்டாரு!"

"ஆமா, மறைச்சுட்டாரு!" என்றது கூட்டம்.

"ரெண்டு கோல்ல ஜெயிச்சிருக்க வேண்டிய ஆட்டம்! நியாயம் தெரியாத மனுசன்!"

என் வாழ்நாளில் எவரும் என்னைப் பொதுவிடத்தில் இப்படிப் பேசியதில்லை. எழுந்து பதில் சொல்லவேண்டுமென்று குடையைத் தேடினேன். அதற்குள் யாரோ என்னைக் கடந்து கதவருகே பாய்ந்தார்கள். ஞானசேகரம்.

"வாயை மூடுங்கோ! ஆரைப் பாத்து மறைச்சவர் எண்டு சொல்லுறியள்?"

"அவரைத்தான்!"

"மறைக்கிற மனுசன் எண்டால் நேற்று ஏன் எழும்பினவர்? பந்து கோட்டுக்கு அங்காலை கிடந்தது. நான்தான் இங்காலை இழுத்து நெஞ்சிலை வச்சனான். மறைச்சது நான்! அவர் மறைக்கேல்லை!"

பூக்கூடை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். எங்கள் இளைஞர்கள் ஞானசேகரத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக என்னைப் பார்த்தார்கள். காலையில் 'மயங்கிப்போனார்' என்று சொன்னவன் எழுந்து வந்து ஞானசேகரத்தின் அருகே கதவில் நின்றுகொண்டான். பிறகு மற்றவர்களும்.

பெருமாளுக்கு அடுத்த வசவு மறந்துபோயிற்று. அவருக்குப் பின்னாலிருந்து ஒரு முழங்கை அவரை இடித்தது. ராவுத்தரின் முழங்கை.

"அட, என்ன இருந்தாலும் முத கோலு முத கோலுதான்!" என்று பெருமாள் மறுபடி தொடங்கினார். கதவில் நின்றவர்கள் எல்லோரும் அவரோடு மல்லுக்கு நின்றார்கள். சப்பாத்துக் கடித்த காலோடு ஒருவன் இறங்கவே போனான்; மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சந்தடியில் ராவுத்தர் என் ஜன்னலுக்கு வந்தார்.

"நேத்து ஒருத்தருக்கும் கண்ணு தெரியலே, ஒங்களுக்கு மட்டும் தெரிஞ்சுச்சாக்கும்!" என்று ஊர் கேட்க உரத்துச் சொல்லிக்கொண்டே, கம்பிகளுக்கிடையே ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தை உள்ளே தள்ளினார். "சிறுமலைப் பழம். பிள்ளைங்களுக்குக் குடுங்க" என்றார் மெதுவாக. இன்னொரு சீப்பும் வந்தது. "மானங்கெட்ட ஆட்டம்! இனிமே இந்தப் பக்கம் வந்துராதீங்க!" மூன்றாவது சீப்பு. "அடுத்த வருசம் கண்டிப்பா வரணும். வார்த்தை குடுங்க."

தலையை அசைத்தேன்.

வண்டி நகர்ந்தது. பெருமாள் கூடவே ஓடி வந்து வைதார். அவர் முகம் முழுதும் சிரிப்பாக இருந்தது. கதவில் நின்றவர்கள் அதைக் கோபமென்றே எடுத்துக்கொண்டார்கள். நான் ஜன்னலருகே எழுந்து நின்று, இரு கைகளையும் கூப்பி, மேடை கண்ணிலிருந்து மறையும்வரை அந்தக் கூட்டத்தை வணங்கினேன்.

இவ்வளவு வைதவர்களையும் எழுந்து நின்று கும்பிட்ட என் பெருந்தன்மையைப் பற்றி, பழத்தைத் தின்றுகொண்டே, அடுத்த ஊர் வரும்வரை இளைஞர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஊர் திரும்பிய பின்பும் பேசினார்கள். நான் இதுவரை மறுத்ததில்லை.